இலெமூரியா: கைவிடப்பட்ட கருதுகோளும் தமிழ் நூல்களும்

1864இல் விலங்கியலாளர் பிலிப் ஸ்கிளேட்டர், லெமூர் இன விலங்குகள் மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் காணப்படுவதை விளக்க, இந்துமாக்கடலில் மூழ்கிய நிலப்பரப்பொன்றைக் கருதுகோளாக முன்வைத்து, அதற்கு 'இலெமூரியா' எனப் பெயரிட்டார். எர்ன்ஸ்ட் ஹெக்கல் அதனை மனித இனத்தின் பிறப்பிடமாகக் கொண்டார். குமரிக்கண்டம் பற்றி எழுதிய தமிழறிஞர் பலர் இக்கருத்துகளைச் சான்றாகக் காட்டினர். அன்றைய அறிவுநிலையில் அதனைக் குறைகூற இயலாது.

ஆயினும், அறிவியல் அங்கு நின்றுவிடவில்லை. 1912இல் கண்டங்கள் நகர்கின்றன என்று ஆல்பிரட் வெகனர் கூறியபோது, நகர்த்தும் விசை யாது எனக் கேட்டு நிலவியலாளர் பலர் மறுத்தனர். 1963இல் கடற்றரையின் காந்தப் பட்டைகளுக்கு வைன், மேத்யூஸ் ஆகியோர் தந்த விளக்கமும், அப்பத்தாண்டில் உருவான நிலத்தட்டுக் கோட்பாடும் கண்ட நகர்வை உறுதிப்படுத்தின. ஒன்றாயிருந்த நிலங்களே பிரிந்தன எனில், இடையே ஒரு கண்டம் மூழ்கியதாகக் கொள்ளவேண்டிய தேவையில்லை. வெகனரின் கருத்தை நிலைநாட்டிய சான்றுகளே இலெமூரியாவை நீக்கின. மேலும், இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிந்து ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அப்போது மனித இனமே தோன்றவில்லை.

இன்றும் ஸ்கிளேட்டரோடு நின்றுவிடும் நூல்கள், அறிவியலின் முடிவொன்றை ஏற்று, அதன் முறையைக் கைவிடுகின்றன. இறையனார் களவியல் உரையும் அடியார்க்குநல்லார் உரையும் கூறும் கடல்கோட் செய்தி, உரைமரபு சார்ந்து தனியே ஆராயத்தக்கது. அதற்கு இலெமூரியாவின் துணை வேண்டுவதில்லை. ஒரு கருதுகோள் தோன்றிய சூழலோடு, அது கைவிடப்பட்ட காரணத்தையும் சேர்த்துக் கற்பிப்பது தமிழாசிரியர் கடமையாகும்.