நெஞ்சு வேறு, இதயம் வேறு

'நெஞ்சுவலி: தலைவர் ஆஸ்பத்திரியில் அனுமதி' என்று பேப்பரில் படித்ததும் உங்களுக்கு என்ன தோன்றும்? ஹார்ட் அட்டாக்! செய்தியில் அந்த வார்த்தையே இருக்காது. நாமாகச் சேர்த்துக்கொள்கிறோம்.

நெஞ்சு ரொம்பப் பெரிய வீடு சார். நெஞ்சுச் சளி என்றால் நுரையீரல் விவகாரம். நெஞ்சு கரிக்கிறது என்றால் இரைப்பை அமிலம் உணவுக்குழாயில் ஏறியிருக்கிறது. 'நெஞ்சைத் தொட்டுச் சொல்லு' என்றால் மனசாட்சி. வள்ளுவர் 'நெஞ்சொடு கிளத்தல்' என்று ஓர் அதிகாரமே வைத்தார். அங்கே பேச்சு மனசோடுதான், ரத்தம் இறைக்கும் பம்ப்போடு அல்ல.

இதயம் அந்த வீட்டில் ஒரே ஓர் அறை. கைமுஷ்டி அளவு, மார்பெலும்புக்குப் பின்னால், சற்றே இடப்பக்கம் சாய்ந்து கிடக்கும். 1991-ல் வந்த கதிரின் 'இதயம்' படத்தில் மருத்துவ மாணவர் முரளிக்குக் காதலும் அங்கேதான், வியாதியும் அங்கேதான். சினிமாவுக்கு அந்தக் குழப்பம் லாபம். செய்திக்கு நஷ்டம்.

நான் பி.காம். படித்தவன். எந்தக் கணக்கில் எழுதுவது என்று தெரியாத தொகையை சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போட்டு வைப்போம். நெஞ்சுவலியும் அப்படித்தான். அது இதயமாக இருக்கலாம், அமிலமாக இருக்கலாம், வெறும் தசைப்பிடிப்பாகவும் இருக்கலாம். ஈ.சி.ஜி.யும் ரத்தப் பரிசோதனையும் பார்த்து டாக்டர்தான் கணக்கை முடிக்க வேண்டும். பத்திரிகைகளோ தலைப்பிலேயே முடித்துவிடுகின்றன.

இதில் என்ன கெட்டுப்போச்சு என்கிறீர்களா? மாரடைப்பென்றால் நெஞ்சு வலித்தே தீரும் என்று நாம் நம்பிவிட்டோம். 'மாரடைப்பு' என்ற சொல்லும் அதற்குத் துணை. உண்மையில் அடைபடுவது மார் அல்ல, இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய். அதன் வலி இடது கையில், தாடையில், முதுகில், மேல்வயிற்றில்கூட வரும். சர்க்கரை நோயாளிக்கு வலியே தெரியாமல் மூச்சிரைப்பும் வியர்வையுமாகப் போகலாம். நாம் 'கேஸ்தான்' என்று சோடா குடித்துவிட்டுப் படுத்துவிடுவோம். உள்ளே தசை நிமிடத்துக்கு நிமிடம் செத்துக்கொண்டிருக்கும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: டாக்டர் சொன்னால் 'மாரடைப்பு' என்றே எழுதுங்கள். சொல்லவில்லையா? 'நெஞ்சுவலி, காரணம் இன்னும் தெரியவில்லை' என்று அரை வரி சேருங்கள்.

உங்களுக்கும் ஒன்று. நெஞ்சு பாட்டுக்கு இருக்கட்டும். வியர்த்துக் கொட்டி எங்கேயாவது இறுக்கிப் பிடித்தால், அது நெஞ்சா வயிறா என்று வீட்டில் பட்டிமன்றம் நடத்தாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.