கச்சேரி விமர்சனமும் கூத்திசையும்

மேடையில் நிகழும் இசையை நேரில் கேட்டு, அதன் நிறைகுறைகளைப் பிறருக்கு விளங்கும்படி எழுதுவது இசை விமர்சனம். தமிழில் இதனை வெகுமக்கள் விரும்பிப் படிக்கும் எழுத்தாக வளர்த்தவர்களுள் முக்கியமானவர் கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி (1899–1954). ஆனந்த விகடனில் ‘கர்நாடகம்’ என்ற புனைபெயரில் அவர் கச்சேரிகளைப் பற்றி எழுதினார். அடுத்த தலைமுறையில் சுப்புடு (1917–2007) கூர்மையான நடையால் வாசகரையும் வித்வான்களையும் ஒருங்கே கவனிக்க வைத்தார்.

இவ்வகை எழுத்துக்கு மேடையை மாற்றும் வலிமை உண்டு. கச்சேரிகளில் தமிழ்ப் பாடல்களுக்கு ஏன் இடமில்லை என்று கேட்டவர்களுள் கல்கியும் ஒருவர். அந்தத் தமிழிசை இயக்கத்தின் பயனாகவே 1943இல் தமிழ் இசைச் சங்கம் உருவானது. ஆயினும் விமர்சகர்கள் நடந்த பாதை பெரும்பாலும் சென்னை சபாக்களின் வாசலோடு நின்றுவிட்டது. இது ஒரு பெருங்குறை.

திருவண்ணாமலைக்கும் செஞ்சிக்கும் இடைப்பட்ட கீழ்பென்னாத்தூர் வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். இது திரௌபதி அம்மன் வழிபாடும் பாரதக் கூத்தும் வேரூன்றிய நிலப்பகுதி. அக்கினி வசந்த விழாவில் பகலில் பாரதப் பிரசங்கம். இரவில் விடியும்வரை கூத்து. விருத்தமும் தருவும் இரவு முழுவதும் ஒலிக்கின்றன. மார்கழிக் கச்சேரி இரண்டரை மணி நேரம் என்றால், இங்கே பாட்டு ஏழெட்டு மணி நேரம் நீள்கிறது.

கூத்தைப் பற்றி நல்ல ஆய்வுகள் வந்துள்ளன. ந. முத்துசாமி அதனை நவீன நாடகத்தின் ஊற்றாகக் கண்டார். ஆல்ஃப் ஹில்டபைட்டல் திரௌபதி வழிபாட்டோடு சேர்த்து ஆராய்ந்தார். இவர்களின் நோக்கம் நாடகமும் சடங்கும். அன்றிரவு பாட்டு எப்படி இருந்தது என்று எழுதுவது வேறு வேலை.

அதற்கு வேறு காது வேண்டும். கனத்த கிரீடமும் புஜக்கட்டையும் அணிந்து சுழன்றாடுபவரே உச்ச சுருதியில் பாடவும் வேண்டும். அவருக்கு மூச்சு வாங்கும் இடத்தில் பின்பாட்டுக்காரர்கள் அடியை ஏந்திக்கொள்கிறார்கள். முகவீணை அந்தச் சுருதியை விடாமல் பிடித்து நிற்கிறது. இதனைச் சபா அளவுகோலால் அளந்தால் ‘கத்தல்’ என்றே தோன்றும். மாறாக, எல்லாவற்றையும் ‘மண்ணின் கலை’ என்று புகழ்வதும் விமர்சனமன்று. முகவீணை இல்லாமல் ஆர்மோனியம் மட்டும் ஒலிக்கும்போது பாட்டின் குணம் எப்படி மாறுகிறது? ஒலிபெருக்கிக்காக ஆட்டக்காரர் ஓரிடத்திலேயே நிற்கும்போது களரி என்ன இழக்கிறது? இவற்றைக் கேட்பதே விமர்சகரின் கடமை.

2017இல் யுனெஸ்கோ சென்னையைப் படைப்பாக்க நகரங்களுள் இசைக்கான நகரமாகச் சேர்த்தது. அந்த நகரின் பாடகர் ஒருவரது குரல் எந்த ஆண்டில் எப்படி இருந்தது என்பதைப் பழைய விமர்சனங்களைப் புரட்டி அறியலாம். கீழ்பென்னாத்தூர்க் களரியில் ஒரு முகவீணைக் கலைஞர் முதுமையால் ஓய்ந்துவிட்டால், அவர் வாசிப்பின் தனித்தன்மையைச் சொல்ல ஒரு பத்திகூட மிஞ்சாமல் போகலாம். இவ்வட்டாரத்து மாணவர்கள் தம் ஊர்க் கூத்தை விடியும்வரை கேட்டு, கலைஞரின் பெயரோடும் நாளோடும் எழுதத் தொடங்கினால் தமிழ் இசை விமர்சனத்தின் இந்த விடுபட்ட பக்கம் நிரம்பும்.