'டிரிங்கோமலி': ஒரு போர்க்கப்பலின் உருவமும் உழைப்பும்

படைப்பொன்றின் உருவத்தை அதன் உற்பத்திச் சூழலிலிருந்து பிரித்து நோக்கலாகாது என்பது நாம் இலக்கியத்துக்குப் பிரயோகிக்கும் அளவுகோல். போர்க்கப்பலுக்கும் அது பொருந்தும். இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறைமுகத்தில் நூதனசாலையாக நிற்கும் 'டிரிங்கோமலி', திருகோணமலையின் பெயரைத் தாங்கியது. இன்றும் மிதக்கும் பிரித்தானியப் போர்க்கப்பல்களுள் மிகப் பழையது.

இதன் வடிவம் பிரித்தானியருடையதன்று. 1782இல் அவர்கள் கைப்பற்றிய 'எபே' என்னும் பிரெஞ்சுக் கப்பலே 'லீடா' வகையின் மூலம். மரமோ மலபார்த் தேக்கு. ஓக் மரத்தின் துவர்ப்பு அமிலம் இரும்பாணிகளை அரிக்கும். தேக்கின் எண்ணெய்ப்பசை அவற்றைக் காக்கும். நீண்ட போர்களால் ஓக் அருகிய வேளையில், பம்பாயில் ஜம்செட்ஜி பொமன்ஜி வாடியாவின் பொறுப்பில் கட்டப்பட்டு, 1817 ஒக்டோபர் 12ஆந் திகதி இது நீரிலிறக்கப்பட்டது. அக்காலத்தில் நமது கரைக்கு மேற்கே ஊவா-வெல்லசையில் பிரித்தானியருக்கெதிரான கிளர்ச்சி மூண்டிருந்தமை மனங்கொள்ளத்தக்கது.

கப்பல் முடிந்தபோது நெப்போலியனுடனான போர் முடிந்திருந்தது. 1819இல் போர்ட்ஸ்மத்தை அடைந்த இது, 1845 வரை முடங்கிக் கிடந்தது. பின்பு 26 பீரங்கிகள் கொண்டதாக மாற்றப்பட்டு, 1847 முதல் 1850 வரை வட அமெரிக்க, மேற்கிந்தியக் கடல்களிலும், 1852 முதல் 1857 வரை பசுபிக்கிலும் உலாவிற்று. 1853இல் இந்தியாவில் பிரித்தானிய ஆட்சி பற்றி மார்க்ஸ் நியூயோர்க் பத்திரிகைக்கு எழுதியபோது, இந்தியத் தேக்கு பேரரசின் வணிகப் பாதைகளைக் காவல் செய்துகொண்டிருந்தது. விக்டோரியாக் காலத்தில் போர்க்கப்பலின் பணி போரிடுவது மட்டுமன்று, பீரங்கியுடன் கண்ணிற்படுவதுமாகும். 1860களில் பயிற்சிக் கப்பலாகி, 1897இல் உடைப்பதற்கு விற்கப்பட்டு, வேறு பெயரில் உயிர்தப்பி, 1992இல் பழைய பெயரை மீளப் பெற்றது.

பெயர் நம்முடையது என்று பெருமிதங்கொள்வோருடன் நாம் உடன்படுவதற்கில்லை. 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து பறித்த துறைமுகத்தின் பெயரைச் சூட்டியது வெற்றியாளனின் உரிமைக்கோரலேயன்றி நமக்களித்த கௌரவமன்று. வாடியாவை இந்திய மேதையாகப் போற்றுவதும் பாதி உண்மையே. அவரது பெயர் நிலைத்தது. தேக்கை வெட்டியவரும் இழுத்தவரும் இழைத்த ஓடாவிமாரும் பெயரற்றோராயினர்.

கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் ஆண்டுதோறும் நாகூர் ஆண்டகையின் நினைவாகக் கொடியேறும். ஓட்டை விழுந்த கப்பலை அவர் காத்த கதையை நம் மக்கள் அறிவர். அக்கதையில் கப்பலின் பெறுமதி அதிலிருந்த உயிர்களே, பீரங்கிகளல்ல. கப்பலை நோக்கும் இம்மக்கட் பார்வையே நமது விமர்சனத்தின் தொடக்கப்புள்ளியாதல் வேண்டும்.