தட்டை டேப்பெட்டும் உருளை டேப்பெட்டும்

ஷெவர்லே கம்பெனியார் 1955-இல் வெளியிட்ட ‘ஸ்மால் பிளாக்’ வி-8 வமிசத்தில் தோன்றி, 1967-இல் கமாரோ காரோடு அறிமுகமான 350 கன அங்குல எஞ்சினைப் பிரித்துப் புதுப்பிக்க முற்படுகிறவர்கள், பிஸ்டன், வளையம், பேரிங் ஆகிய செலவுகளையெல்லாம் மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டு, கேம்ஷாஃப்ட் வாங்கும் கட்டம் வந்ததும் தயங்கி நிற்பதை அமெரிக்காவின் பழைய கார்ப் பட்டறைகளில் அடிக்கடி காணலாம். கேமின் அசைவை வால்வுக்குக் கடத்தும் உறுப்பான டேப்பெட்டில், பிறந்தபோது எஞ்சினுள் இருந்த தட்டை வகையே போதுமா, அல்லது பல மடங்கு விலை கொடுத்து உருளை டேப்பெட்டுக்கு மாறுவதா என்பதே அந்தத் தயக்கம். ஒரே 350-இல் இவ்விரு வகைகளையும் ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றி, ஊருக்குள்ளும் நெடுஞ்சாலையிலும் ஓட்டிப் பார்த்த அனுபவத்தைக் கொண்டு எழுதுகிறேன். இரண்டும் ஹைட்ராலிக் வகையே. பந்தயக் களத்தைப் பற்றி இங்கே பேச்சில்லை.

தட்டை டேப்பெட்டின் அடிமுகம் கண்ணுக்குச் சமமாகத் தோன்றினாலும் மிக மெல்லிய குவிவு கொண்டது. அதைத் தூக்குகிற கேம் மேடும் அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கு அளவுக்கு ஒருபுறம் சரிந்திருக்கிறது. இவ்விரண்டின் சேர்க்கையால், டேப்பெட் மேலும் கீழும் போய்வரும்போதே தன் அச்சில் மெல்லச் சுழல்கிறது. அப்படிச் சுழல்கிற வரையில்தான் அதற்கு ஆயுள். ஏதோ காரணத்தால் சுழற்சி நின்றுவிட்டால், ஒரே இடத்தில் உராய்ந்து உராய்ந்து மேடு கரைந்து, அந்த இரும்புத்தூள் ஆயிலோடு கலந்து, நேற்றுப் புதிதாகப் போட்ட பேரிங்குகளையும் நாசமாக்கிவிடுகிறது.

ஆகையால் தட்டை டேப்பெட்டை ஏற்றிய எஞ்சினுக்கு முதல் அரைமணி நேரந்தான் கண்டம். மேடுகளிலும் டேப்பெட் முகங்களிலும் மாலிப்டினம் கலந்த பசையைத் தாராளமாகப் பூசி, ஆயிலை முன்னதாகவே எங்கும் பரவச் செய்து, கார்புரேட்டரில் பெட்ரோலும் இக்னிஷன் டைமிங்கும் சரியாயிருப்பதை உறுதிசெய்துகொண்டு, எஞ்சின் உயிர்பெற்ற கணமே வேகத்தை நிமிஷத்துக்கு 2,000 சுற்றுக்கு உயர்த்தி, இருபது முப்பது நிமிஷம் அதற்குக் குறையாமல் சற்றே ஏற்றி இறக்கிக்கொண்டிருக்க வேண்டும். கேம் மேடுகளுக்கு ஆயில் பெரும்பாலும் கிராங்க்ஷாஃப்ட் வாரியடிக்கும் துளிகளாகவே வந்து சேர்வதால், ஐட்லிங்கில் அவை பட்டினி கிடக்கும். இரட்டை ஸ்பிரிங் உள்ள வால்வுகளில் உள் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு இந்தச் சடங்கை நடத்தி, பிறகு மீண்டும் மாட்டுவது விவேகம். அலுப்பான வேலைதான், ஆனால் இந்த அலுப்புக்கு அஞ்சியவர்கள் மறுபடியும் எஞ்சினையே இறக்க நேர்கிறது.

சடங்கு முடிந்தாலும் ஆயில் விஷயத்தில் ஜாக்கிரதை ஓயாது. தேய்மானத்தைத் தடுப்பதற்காக ஆயிலில் சேர்க்கப்படும் துத்தநாக-பாஸ்பரஸ் சரக்கு, புகைக்குழாயிலுள்ள கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குப் பகையாதலால், 2004-இல் வந்த ஏ.பி.ஐ. எஸ்.எம். தரத்தில், புதுக் கார்கள் குடிக்கும் மெல்லிய ஆயில்களின் பாஸ்பரஸ் அளவு 0.08 சதவீதத்துக்கு மேல் போகலாகாது என்று விதித்துவிட்டார்கள். இன்றைய கார்களுக்கு அதனால் குறையொன்றுமில்லை. தட்டை டேப்பெட்டுக்கோ அது போதாது. கடையில் கைக்கு எட்டிய டப்பாவை வாங்கி ஊற்றும் சுபாவமுள்ளவர் இந்த வகையை நாடாதிருப்பதே நல்லது.

உருளை டேப்பெட்டில் இந்தப் பத்தியம் மிகக் குறைவு. அடியில் ஒரு சிறு சக்கரம் மேட்டின்மீது உருண்டு செல்கிறது. ஆகவே முதல் அரைமணிக் கண்டமும் இல்லை. இதைவிட முக்கியமான லாபம் மேட்டின் வடிவத்தில் கிடைக்கிறது. ஷெவர்லே டேப்பெட்டின் விட்டம் 0.842 அங்குலமே, மேட்டை அந்த விட்டம் இடங்கொடுக்கும் அளவுக்குமேல் செங்குத்தாகச் செதுக்கினால் டேப்பெட்டின் விளிம்பே மேட்டில் குத்தும். (கிரைஸ்லர்க்காரர்களுக்கு 0.904 அங்குலம் வாய்த்திருப்பதால் சற்றுக் கூடுதல் சுதந்திரம்.) உருளைக்கு இந்த வரம்பு கிடையாதாகையால், வால்வு திறந்திருக்கும் மொத்தக் காலத்தை நீட்டாமலேயே, அது நன்றாகத் திறந்து நிற்கும் நேரத்தைக் கூட்ட முடிகிறது. சாலையில் இதன் பலன், சிவப்பு விளக்கில் நிற்கும்போது எஞ்சின் உடம்பை உலுக்காமல், நடுத்தர வேகத்தில் மட்டும் முன்னைவிடத் திடமாக இழுக்கிறது என்பதாக இருந்தது. உராய்வு குறைவதால் பெட்ரோல் மிச்சம் என்றும் சொல்வார்கள். என் காரில் அது உணரும்படி இல்லை.

செலவு கேம்ஷாஃப்ட்டோடு நிற்பதில்லை. உருளை திரும்பிவிடாதபடி இரண்டிரண்டாகப் பட்டையால் பிணைத்த டேப்பெட்டுகள், அவை உயரமானவையாதலால் குட்டையான புஷ்ராடுகள், எடையைச் சமாளிக்கக் கடினமான ஸ்பிரிங்குகள் என்று பட்டியல் நீளுகிறது. தட்டைக் கேமைச் சரிவான மேடுகளே பின்னோக்கித் தள்ளி நிறுத்தும். உருளைக் கேமுக்கு அந்தச் சரிவு இல்லாததால், முன்னும் பின்னும் நகராமல் தடுக்க முகப்பில் ஒரு பொத்தான் வைக்க வேண்டும். கேம் உருக்கினால் ஆனதென்றால் டிஸ்ட்ரிபியூட்டர் கியரையும் அதற்கு ஒத்துப்போகும் உலோகத்தில் மாற்ற வேண்டும். இதை மறந்தவருடைய கியர் சீக்கிரமே பல்லிழக்கும்.

என் தீர்ப்பு இதுதான்: ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வெளியே வரும், சொந்தக்காரரே சிரத்தையோடு பேணும் காருக்குத் தட்டை டேப்பெட் தாராளமாகப் போதும், மிஞ்சும் பணத்தை நல்ல சிலிண்டர் ஹெட்டில் போடலாம். தினந்தோறும் ஓடும் காருக்கு, பிறர் கையில் ஆயில் மாற்றப்படும் காருக்கு, உருளையே. ஹைட்ராலிக் இல்லாத ‘சாலிட்’ உருளையைத் தெருவுக்குக் கொண்டுவருவது வீண் ஆடம்பரம். ஐட்லிங்கில் ஆயில் போதாமல் அதன் ஊசி பேரிங்குகள் சிதைகின்றன.

இத்தனை ஆராய்ச்சிக்கு முன்னால் பிளாக்கின் வயதை அறிந்துகொள்வது அவசியம். 1987 முதல் ஷெவர்லே கார்களின் ஸ்மால் பிளாக்கில் கம்பெனியே உருளை டேப்பெட்டை வைத்துவிட்டது. அத்தகைய பிளாக் கிடைத்தால், அவற்றின் வேலையைக் கம்பெனி வைத்த பிடிப்புத் தகடுகளே செய்துவிடுவதால், பிணைப்புப் பட்டையும் வேண்டாம், பொத்தானும் வேண்டாம், செலவும் பாதியாகக் குறையும். ஆனால் அக்காலத்து டிரக் பிளாக்குகள் சிலவற்றில் அதற்கான மேடைகளை வார்த்துவிட்டு, பிடிப்புத் தகட்டுக்குரிய துளைகளை மட்டும் போடாமல் விட்டிருக்கிறார்கள். ஆதலால், விற்பவர் என்ன சொன்னாலும், இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றி உள்ளே பார்த்த பிறகே பணத்தை எடுக்க வேண்டும்.