கற்பனைக்கும் காவல் உண்டு

ஆண் மனம் பலரை நாடும், பெண் மனம் ஒருவரைத் தேடும் என்பது திண்ணைப் பேச்சு. பரிணாம உளவியல் இதற்குக் காரணம் சொல்கிறது. கரு சுமப்பதும் பாலூட்டுவதும் பெண்ணுக்குத் தவிர்க்க முடியாத பொறுப்பு. ஆணுக்கு அந்தச் சுமை இல்லை. அதனால் துணையைத் தேர்வதில் அவள் கூடுதல் கவனம் காட்டுவாள் என்றார் ராபர்ட் டிரிவர்ஸ் (1972). அந்த வழியில் புரூஸ் எல்லிஸும் டொனால்டு சைமன்ஸும் 1990இல் கலிஃபோர்னியக் கல்லூரி மாணவர்களின் பாலியல் கற்பனைகளை ஆராய்ந்தார்கள். ஆண்களிடம் புதியவர்களும் எண்ணிக்கையும் உடல் தோற்றமும் மேலோங்கின. பெண்களிடம் பழகிய துணையும் உணர்வும் சூழலும்.

இந்த அணுகுமுறையின் பலம் கற்பனையைத் தேர்ந்தெடுத்ததில் இருக்கிறது. நடத்தையில் வாய்ப்பும் பணமும் அச்சமும் குறுக்கிடும். மனத்துக்குள் எழும் ஆசைக்கு யாருடைய சம்மதமும் வேண்டாம். பின்வந்த பல ஆய்வுகளிலும் சராசரி இதே திசையில்தான் சாய்ந்தது. ஆகவே இதை வெறும் ஆணாதிக்கக் கதை என்று ஒதுக்கிவிட முடியாது.

குறையும் இங்கேதான். ஆய்வாளர் கையில் கிடைப்பது ஆசை அல்ல, ஆசையைப் பற்றிய வாக்குமூலம். யார் எதைச் சொல்லலாம் என்பதை ஊர் முடிவு செய்கிறது. தஞ்சை மண்ணின் இலக்கியம் இதற்கு நல்ல சான்று.

ஒட்டக்கூத்தரின் மூவருலாவில் சோழ மன்னன் பவனி வர, பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவத்துப் பெண்களும் மயங்குகிறார்கள். ஒருவனுக்குப் பலர் என்ற பரிணாமக் கணிப்புக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் புரவலனைப் புகழ்வது புலவனின் பிழைப்பு என்ற விளக்கமும் அதே அளவு பொருந்துகிறது. எது சரி என்று பிரித்துச் சொல்லக் கோட்பாட்டிடம் கருவி இல்லை.

பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சை மராத்திய மன்னர் பிரதாபசிம்மனின் அவையில் இருந்த பெண் கவிஞர் முத்துப்பழனி, தெலுங்கில் 'ராதிகா சாந்த்வனமு' எழுதினார். ராதையின் ஊடலும் கண்ணன் அவளைத் தணிப்பதுமே கதை. உறவும் உணர்வும் முன்னிற்பது கணிப்போடு ஒத்துப்போகிறது. காமத்தில் பெண்ணே முந்துவது ஒத்துப்போகவில்லை. பெண் இப்படி எழுதலாமா என்று சீர்திருத்தவாதி வீரேசலிங்கமே முகம் சுளித்தார். 1910இல் பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் அந்நூலை முழுமையாகப் பதிப்பித்தபோது, வெட்கம் பெண்ணுக்கு மட்டும்தானா என்று திருப்பிக் கேட்டார். ஆங்கிலேய அரசு 1911இல் தடை விதித்தது. தடை நீங்கியது 1947இல்.

அவை இடம்கொடுத்தபோது வெளிவந்த ஆசை, அரசு அடக்கியபோது அச்சிலிருந்து மறைந்தது. அந்த முப்பத்தாறு ஆண்டுகளில் பெண்ணின் உடலியல் மாறிவிடவில்லை. ஆகவே பரிணாமம் வேறுபாட்டின் திசையைக் காட்டலாம். அளவைத் தீர்மானிக்கும் உரிமை அதற்கு மட்டும் கிடையாது. பதில் சொல்பவருக்கு எவ்வளவு துணிச்சல் அனுமதிக்கப்பட்டது என்பதையும் கணக்கில் சேர்க்காத ஆய்வு, கூச்சத்தையே இயற்கை என்று பதிவுசெய்துவிடும்.