மணிக்கட்டில் ஒரு வெள்ளைப் பட்டை

கோடையில் கிரிக்கெட் ஆடித் திரும்பி, கடிகாரத்தைக் கழற்றினால் மணிக்கட்டில் வெளுத்த பட்டை ஒன்று தெரியும். வாரின் துளைகளில் மண்ணும் வியர்வையும் அப்பியிருக்கும். பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்துக் குழாயில் காட்டினால் போச்சு. அப்படிக் குழாயில் காட்ட முடிகிற கடிகாரம்தான் எனக்குப் பிடிக்கும். அப்பா ஆற்றில் இறங்குமுன் தன் ஹெச்எம்டியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்து, சட்டையைச் சுருட்டி, அதற்கு என்னைக் காவலும் வைப்பார்.

கடிகாரம் கெட்டுவிடுமோ என்ற அந்தப் பயத்தை எனக்குப் போக்கியவர் கேசியோ பொறியாளர் கிகுவோ இபே. அவருக்கும் ஒரு அப்பா கதை உண்டு: அப்பா கொடுத்த கடிகாரம் கீழே விழுந்து சிதறியதில் பிறந்த பிடிவாதம். மூன்றாம் மாடிக் கழிப்பறை ஜன்னலிலிருந்து மாதிரிகளைப் போட்டுப் போட்டுப் பார்த்தார். ஏறக்குறைய 200 மாதிரிகள். விடை கடைசியில் பூங்காவில் கிடைத்தது. ஒரு சிறுமி பந்து தட்டிக்கொண்டிருந்தாள். பந்துக்குள் மிதக்கிற மாதிரி இயந்திரம் இருந்துவிட்டால் அடி அதற்குப் போய்ச் சேராதே! 1983-ல் வந்த முதல் ஜி-ஷாக் கடிகாரத்தில் இயந்திரத்தைச் சில புள்ளிகளில் மட்டும் தாங்கி, சுற்றிலும் இடைவெளி விட்டிருந்தார்கள்.

அழகா? டப்பா மாதிரிதான் இருக்கும். கல்யாணத்துக்குக் கட்டிக்கொண்டு போனால் அத்தை முறைப்பார். ஆனால் மலையில் இரண்டு கையாலும் பாறையைப் பிடித்திருக்கும்போது, ஃபோனைத் தேடாமல், தலையைச் சற்றுச் சாய்த்தால் மணி தெரிகிறது. நாலே கால். இருட்டுமுன் இறங்கிவிடலாம்.