நெவிலிடம் மாப்புக் கேட்டது யார்?

சென்ற டிசம்பர் விடுமுறையில் என் மகள் ஹரி பொட்டர் நூல்கள் ஏழையும் இரண்டாம் முறையாக வாசித்து முடித்தாள். ஓர் இரவு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டாள்: "வாப்பா, நீங்க தமிழ் சேர்தானே. ஸ்னேப் நல்லவரா, கெட்டவரா?"

எனக்கு அந்தப் பெயரே புதிது. "ஆரு மகள் அது?" என்றேன். அவள் சிரித்தாள். அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் இந்தக் கேள்வியில் இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடக்கிறார்களாம். ஒருத்தி ஸ்னேப்புக்காக அழுததும் உண்டாம். தமிழ் சிறப்புப் பட்டம் எடுத்து இருபது வருஷமாகப் பாத்திரப் பண்புகளைப் படிப்பித்து வருகிற எனக்கு இது ரோசமாகிப் போய்விட்டது. இரண்டு மாதத்தில் ஏழையும் நானும் வாசித்தேன். அப்படியே ஸ்டீவன்சனின் 'புதையல் தீவை'யும் மீண்டும் எடுத்தேன். நான் சிறு பையனாக இருந்தபோது அந்தக் கதையில் வரும் ஒற்றைக்கால் கடற்கொள்ளையன் ஜோன் சில்வரை எனக்கு மிகவும் பிடிக்கும். ஏன் பிடித்தது என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டுப் பார்க்கவில்லை. இந்தக் கட்டுரை அந்த வாசிப்பின் கணக்கு.

ஸ்னேப் விவகாரம் உலகம் முழுவதும் வாசகர்கள் வழக்காடிய ஒன்று. ஆறாம் நூல் 2005 ஜூலையில் வந்தது. அதன் முடிவில், எல்லோரும் மதிக்கும் தலைமையாசிரியர் டம்பிள்டோரை ஸ்னேப் கொன்றுவிடுகிறார். ஏழாம் நூல் 2007 ஜூலையில்தான் வந்தது. இடைப்பட்ட இரண்டு வருஷமும் இவர் துரோகியா, நம்பிக்கைக்குரியவரா என்பதே பேச்சு. முன்னைய நூல்களின் ஒவ்வொரு பார்வையையும் ஒவ்வொரு சொல்லையும் வாசகர்கள் சாட்சியாகக் கூண்டில் ஏற்றினார்கள். நம்முடைய பட்டிமன்றங்கள் கர்ணனையும் கும்பகர்ணனையும் வைத்துச் செய்துவந்த வேலை இதுதான். எனவே 'இங்கிலீசுப் புத்தகப் பைத்தியம்' என்று இதைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. சொல்லப்போனால், நம் விடைத்தாள்களைவிட அந்தப் பிள்ளைகள் நன்றாகவே வாசித்திருக்கிறார்கள். நம் வகுப்பறையில் 'வீரம், அன்பு, நன்றியுணர்வு' என்று மூன்று பண்பை எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஓர் உதாரணம் போட்டால் புள்ளி கிடைத்துவிடும். ஒரே மனிதனிடம் அன்பும் குரூரமும் சேர்ந்திருந்தால் நம் புள்ளித்திட்டத்துக்குள் அவன் அடங்கமாட்டான்.

ஏழாம் நூல் வந்ததும் வழக்கு முடிந்துவிட்டதாகவே பெரும்பாலானோர் எடுத்துக்கொண்டார்கள். ஸ்னேப் சின்ன வயதில் லில்லியை நேசித்தவர். கோபத்தில் ஓர் இழிசொல்லால் அவளை ஏசி அந்த நட்பை இழந்தவர். வோல்டமோர்ட்டின் ஆட்களோடு சேர்ந்து, தாம் கொண்டுபோய்ச் சொன்ன ஒரு செய்தியாலேயே லில்லியின் சாவுக்குக் காரணமானவர். பிறகு மனம் மாறி, வருஷக்கணக்காக உயிரைப் பணயம் வைத்து இரட்டை வேடம் போட்டவர். டம்பிள்டோரைக் கொன்றதும் டம்பிள்டோரே கேட்டுக்கொண்டபடிதான். இவ்வளவும் தெரிந்ததும் வாசகர்களின் கண் கலங்கிவிட்டது. கதை முடியும்போது ஹரி தன் மகனுக்கே அவருடைய பெயரை வைத்திருக்கிறான்.

மகளின் கட்சியும் இதுதான். "பாவம் வாப்பா அவர். கடைசி மட்டும் ஒருத்தருக்கும் செல்லாமலேயே இருந்திருக்காரு."

எனக்கு அந்த இடத்தில் கண் கலங்கவில்லை. காரணம் நான் கல்மனசுக்காரன் என்பதில்லை. நான் ஓர் ஆசிரியன். ஸ்னேப்பும் ஓர் ஆசிரியர். வாசிக்கும்போது என் கண் அவருடைய வகுப்பறையிலேயே நின்றது.

அந்த வகுப்பில் நெவில் என்றொரு பையன். மறதிக்காரன், பயந்த சுபாவம். அவனுடைய தாயும் தகப்பனும் எதிரிகளின் சித்திரவதையால் புத்தி பேதலித்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்கள். மூன்றாம் நூலில் ஒரு பாடம் வருகிறது. எதிரில் நிற்பவர் எதற்கு அதிகம் பயப்படுகிறாரோ அந்த உருவத்தை எடுக்கும் பிராணி ஒன்றைப் பிள்ளைகள் ஒவ்வொருவராக எதிர்கொள்ள வேண்டும். நெவிலின் முறை வந்தபோது அது எடுத்த உருவம் ஸ்னேப். பெற்றாரைச் சிதைத்தவர்கள் உலகத்தில் இருக்க, அந்தப் பிள்ளையின் ஆகப் பெரிய பயம் அவனுடைய ஆசிரியர். இந்த இடத்தில் நான் நூலை மூடிவைத்துவிட்டேன். அன்றைக்கு மேற்கொண்டு வாசிக்க முடியவில்லை.

ஸ்னேப்பின் கட்சிக்காரர்கள் இதற்கும் ஒரு விளக்கம் வைத்திருக்கிறார்கள். அது கெட்டித்தனமான விளக்கம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வோல்டமோர்ட்டைப் பற்றிய முன்னறிவிப்பு ஹரிக்கும் பொருந்தும், நெவிலுக்கும் பொருந்தும். வோல்டமோர்ட் நெவிலைத் தேடிப் போயிருந்தால் லில்லி உயிரோடு இருந்திருப்பாள். ஆகவேதான் ஸ்னேப்புக்கு நெவிலைக் கண்டாலே ஆகாது என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் காரணம் வேறு, நியாயம் வேறு. ஒருவன் ஏன் கொடுமை செய்தான் என்று விளங்கிக்கொள்வது வாசகனின் கடமை. விளங்கியதாலேயே கொடுமை குறைந்துவிட்டது என்று எண்ணுவது வாசகனின் சறுக்கல்.

இந்தச் சறுக்கலுக்கு வாசகர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. நூலாசிரியை ரோலிங் கதையை அமைத்த விதத்திலேயே அதற்கு வழி இருக்கிறது. ஸ்னேப்பின் உண்மை நமக்கு எப்படித் தெரியவருகிறது? சாகும் நேரத்தில் அவர் தம் ஞாபகங்களை ஹரியிடம் கொடுக்கிறார். ஹரி அவற்றுக்குள் இறங்கிப் பார்க்கிறான். அதாவது வழக்கில் பிரதிவாதியே சாட்சியும் சொல்கிறார். தமக்கு வெட்கமானவற்றை அவர் மறைக்கவில்லை என்பது உண்மைதான். லில்லியை ஏசியதும், அவளுடைய கணவனையும் பிள்ளையையும் விட்டுவிட்டு அவளை மட்டும் காப்பாற்றக் கேட்டதும் அதில் இருக்கின்றன. ஆனால் அந்த ஞாபகங்களில் நெவில் இல்லை. ஒரு பிள்ளையின் சிறுவயதையே நடுங்கவைத்த ஒருவரின் நினைவில் அந்தப் பிள்ளைக்கு ஓர் ஓரம்கூட இல்லை. ரோலிங் இதை நினைத்துச் செய்தாரா என்பது எனக்கு முக்கியமில்லை. கதைப்படி அது மிகவும் உண்மையானது. அடித்த கைக்கு ஞாபகம் இருப்பதில்லை. 2015இல் ரோலிங்கே ஸ்னேப்பைப் புனிதராக்கவும் முடியாது, சைத்தானாக்கவும் முடியாது என்ற கருத்தைச் சொன்னார். அது சரி. ஆனால் அந்த அத்தியாயத்தின் கண்ணீர் தராசை ஒரு பக்கமாகச் சாய்த்துவிட்டது.

இங்கேதான் ஸ்டீவன்சனின் தீர்மானம் எனக்குப் பெரிதாகப் படுகிறது. 'புதையல் தீவு' 1883இல் நூலாக வந்தது. நம் சித்திலெவ்வையின் 'அசன்பே சரித்திரம்' வெளியான 1885க்கு இரண்டே வருஷம் முந்தியது. ஸ்டீவன்சன் ஜோன் சில்வரைப் படைத்தபோது, ஒரு காலை இழந்த தம் நண்பர் கவிஞர் ஹென்லியை மனதில் வைத்திருந்தார். அதனால்தானோ என்னவோ, அவனிடம் அத்தனை உயிர். கலகலப்பானவன், சமையற்காரன், தோளில் கிளி. தகப்பனில்லாத சிறுவன் ஜிம்மோடு பெரிய மனிதனாகப் பேசுகிறவன். அப்பிள் பீப்பாய்க்குள் இருந்தபடி அவனுடைய சதித்திட்டத்தைக் கேட்டுவிடுகிறான் ஜிம். அதன் பிறகு, சதியில் சேர மறுத்த ரொம் என்ற நேர்மையான மாலுமியைச் சில்வர் கொல்வதையும் மறைந்திருந்து பார்க்கிறான். ஊன்றுகோலை முதுகில் எறிந்து வீழ்த்தி, கத்தியால் குத்துகிறான் சில்வர். அதே சில்வர், பின்னால் தன் கூட்டாளிகள் ஜிம்மைக் கொல்ல எழும்பும்போது குறுக்கே நின்று தடுக்கிறான். அது பாசமா, தன் கழுத்தைக் காப்பாற்றும் கணக்கா? இரண்டும்தான். எது எவ்வளவு என்று ஸ்டீவன்சன் பிரித்துத் தரவேயில்லை.

சில்வர் தன் நெஞ்சைத் திறந்து காட்டும் ஓர் அத்தியாயம் அந்த நூலில் கிடையாது. அவனை நாம் பெரும்பாலும் ஜிம்மின் கண்ணால்தான் பார்க்கிறோம். கொலையைப் பார்த்த கண்ணும் அதுதான், காப்பாற்றப்பட்ட கண்ணும் அதுதான். முடிவில் சில்வர் ஒரு பை காசோடு தப்பிவிடுகிறான். அவன் எங்காவது சுகமாக இருக்கட்டும் என்று ஜிம் நினைக்கிறான். ஆனால் அவனுடைய கிளியின் குரல் ஜிம்மின் கெட்ட கனவுகளில் இன்னும் கேட்கிறது. பிரியமும் பயமும் ஒன்றையொன்று அழிக்காமல் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. பாதிக்கப்பட்டவனே கதை சொல்வதால் இந்தக் கணக்கு நேர்மையாக இருக்கிறது.

2003இல் தொடங்கிய கடற்கொள்ளையர் படங்களின் ஜக் ஸ்பரோவும் இந்த வரிசையில் வருகிறவன்தான். இரண்டாம் படத்தில் தன் கடனுக்குப் பதிலாக நண்பன் வில்லைப் பிணை வைக்கிறான். மூன்றாம் படத்தில் தனக்குக் கிடைக்கவிருந்த சாகா வரத்தை அதே வில்லின் உயிருக்காக விட்டுக்கொடுக்கிறான். ஆனால் அங்கே காயப்பட்டவர்கள் சிரிப்பொலியில் காணாமல் போகிறார்கள். அதைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை.

'கொள்ளையன்' என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. சாமூதிரியின் கடற்படைத் தளபதிகளான குஞ்ஞாலி மரைக்காயர்களைப் போர்த்துக்கேயர் கொள்ளையர் என்றே எழுதினார்கள். மாயாதுன்னையின் உதவிக்கு வந்த கப்பல்களும் அந்த ஏட்டில் கொள்ளையர் கப்பல்கள்தான். 1600இல் கோவாவில் கொல்லப்பட்ட நான்காம் குஞ்ஞாலி நமக்கு ஷஹீத். ஆனால் கடைசியில் அவருக்கும் அவருடைய சொந்த அரசருக்கும் மூண்ட பகையை நம் மேடைகள் மெல்லத் தாண்டிப் போய்விடும். ஆக, ஒரு பக்கத்துச் சாட்சியை மட்டும் கேட்கும் பழக்கம் அவர்களிடம் மட்டுமில்லை, நம்மிடமும் உண்டு.

இவ்வளவையும் எழுதிவிட்டு என் பக்கத்துச் சாட்சியை மறைப்பது சரியில்லை.

பதினைந்து வருஷத்துக்கு முன், வகுப்பில் ஒரு பையன் பாடத்தை வாசிக்கத் தடுமாறினான். "தலைக்குள்ள வைக்கோலா இருக்கு?" என்று கேட்டேன். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். பழைய மாணவர் ஒன்றுகூடல்களில் பிள்ளைகள் வந்து, "சேர் அண்டைக்கு ஏசினதாலதான் நாங்க ஆளானம்" என்பார்கள். எனக்கு உள்ளம் குளிரும். ஸ்னேப்பின் கட்சிக்காரர்கள் அவருக்குச் செய்ததை என் மாணவர்கள் எனக்குச் செய்துகொண்டிருந்தார்கள். அந்தப் பையன் எந்த ஒன்றுகூடலுக்கும் வந்ததில்லை என்பதை நான் கவனித்திருக்கவில்லை.

நெவிலை வாசித்த பிறகு ஒரு ஜும்ஆ முடிந்து அவனைத் தேடிப் போனேன். இப்போது சொந்தமாகப் பேக்கரி நடத்துகிறான். விஷயத்தைச் சொல்லி மாப்புக் கேட்டேன். "பரவாயில்ல சேர், அது பழய கத" என்றான். பிளேன்டீ ஊற்றித் தந்தான். நான் எழும்பும் நேரம் சொன்னான்: "ஆனா சேர், அதுக்குப் புறகு நான் ஒரு வகுப்பிலயும் வாசிக்க எழும்பல்ல."

நம்மிடம் இதற்கு ஒரு பழைய அளவுகோல் இருக்கிறது. ஃபுழைல் இப்னு இயாழ் வழிப்பறிக்காரராக இருந்து, ஓர் இறைவசனம் காதில் விழுந்த கணத்தில் திருந்தியவர். அத்தார் எழுதிய இறைநேசர் வரலாற்றில், திருந்தியதோடு அவருடைய கதை முடிவதில்லை. தாம் கொள்ளையிட்டவர்களைத் தேடிப் போய் அவர்களுடைய பொருத்தத்தைக் கேட்கிறார். ஒரு யூதர் இணங்க மறுத்து, இந்த மணல்மேட்டை அகற்றினால் பார்க்கலாம் என்கிறார். ஃபுழைல் இரவு பகலாக மணலை அள்ளுகிறார், ஒரு விடியலில் காற்று வந்து அதை அடித்துக்கொண்டு போகும்வரை. அல்லாஹ்வோடு உள்ள கணக்கு வேறு, அடியாரோடு உள்ள கணக்கு வேறு என்ற ஹக்குல் இபாத்தை இதைவிட அழகாக விளக்கிய கதையை நான் அறியேன். ஹஜ்ஜுக்குப் போகுமுன் வீடு வீடாகப் போய் மாப்புக் கேட்கும் நம் ஊர் வழக்கத்தின் அடியிலும் இதுவே கிடக்கிறது.

இந்த அளவுகோலை இலக்கியத் திறனாய்வுக்கும் கொண்டுவரலாம் என்பதே என் வாதம். சிக்கலான ஒரு பாத்திரம் நல்லதா, கெட்டதா என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலையில்லை. அதனால் நோவு பட்டவர் யார், அவருக்குக் கதையில் வாய் இருக்கிறதா என்று பார்ப்பதே நம் வேலை. ஹரி தன் பங்கை மன்னிக்கலாம், மகனுக்குப் பெயரும் வைக்கலாம். நெவிலின் பங்கை மன்னிக்க அவனுக்கு உரிமையில்லை. கதையின் இறுதியில் நெவிலும் அதே பாடசாலையில் ஆசிரியராகிவிடுகிறான். ஸ்னேப்பின் பெயரைத் தாங்கிய பிள்ளை அவனிடமும் படிக்கப் போகிறது. வரவு இடாப்பில் அந்தப் பெயரைப் பார்க்கும்போது அவனுக்கு என்ன தோன்றும் என்று ரோலிங் எழுதவில்லை. எனக்கு வாசிக்க ஆசையான அத்தியாயம் அதுதான்.

மகளிடம் இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "அப்ப வாப்பா, ஸ்னேப்ப எனக்குப் பிடிக்கக் கூடாதா?"

"பிடிக்கட்டும் மகள். நெவிலை மறக்காம பிடிக்கட்டும்."

இந்தத் தவணை பத்தாம் தரத்துக்கு நான் கொடுத்த வினா வழமையானதல்ல. நீங்கள் படித்த கதையில் உங்களுக்கு மிகவும் பிடித்த பாத்திரம் யாரை நோகடித்தது, அவருடைய வாயால் ஒரு பக்கம் எழுதுக என்று கேட்டேன். நாற்பத்திரண்டு விடைத்தாள்கள் மேசையில் இருக்கின்றன. புள்ளித்திட்டம் இன்னும் போடவில்லை.